ஊட்டி சாக்லேட் பெட்டியை நாய் தின்றுவிட்டது, உடனே ஆலோசனை தேவை

முத்துவின் அம்மா | சனி, இரவு 9.48

விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே பதில் சொல்லுங்கள். எங்கள் முத்து பொமரேனியன், நான்கு வயது. போன மாதம் தடுப்பூசிக்குப் போனபோது எடை 7 கிலோ. இன்று மதியம் ஊட்டியிலிருந்து வந்த என் நாத்தனார், ஹோம் மேட் சாக்லேட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கூடத்து டீப்பாயிலேயே விட்டுவிட்டு ஏழரை மணிக்கு எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டோம். ஒன்பதரைக்கு வந்து பார்த்தால் பெட்டி சோபாவுக்கு அடியில் கிடக்கிறது. வண்ணக் காகிதமெல்லாம் பல்லால் கிழிபட்டு வீடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது.

இப்போது வாலை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். மூச்சு இரைக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு முறை காலி செய்துவிட்டான். காலை வரை பொறுத்துப் பார்க்கலாமா? பக்கத்து வீட்டு அம்மா உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ கரைத்து ஊற்றினால் வாந்தி எடுத்துவிடும் என்கிறார்.

நாமக்கல் கால்நடை மருத்துவர் | சனி, இரவு 9.53

சகோதரி, உப்பும் வேண்டாம், புளியும் வேண்டாம், பாலும் வேண்டாம். எதையும் வாயில் ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஏறி, அதுவே வலிப்பை வரவழைக்கும்.

வாலை ஆட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அறிகுறிகள் முழுதாகத் தெரிய ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். அமைதியின்மை, தாகம், இரைப்பு மூன்றும் ஏற்கெனவே தொடங்கிவிட்டன. இரண்டு விவரங்கள் உடனே வேண்டும். தின்றது கறுப்பா, பால் சாக்லேட்டா? ஏறத்தாழ எத்தனை கிராம்? மீதியை எடை போட்டுப் பாருங்கள்.

முத்துவின் அம்மா | சனி, இரவு 9.59

பெட்டிக்குள் இரண்டு பொட்டலங்கள். பால் சாக்லேட் பொட்டலம் பிரியாமல் அப்படியே இருக்கிறது. கறுப்புப் பொட்டலத்தைத்தான் கிழித்திருக்கிறான். அதில் 250 கிராம் என்று எழுதியிருக்கிறது. மீதியை அடுப்படித் தராசில் வைத்தேன், 145 காட்டுகிறது. சில துண்டுகளுக்குள் உலர்திராட்சை இருக்கிறது ஐயா.

நாமக்கல் கால்நடை மருத்துவர் | சனி, இரவு 10.03

காலை வரை பொறுக்கக் கூடாது. இப்போதே கிளம்புங்கள்.

சாக்லேட்டில் நாய்க்கு நஞ்சாகும் பொருள் தியோபுரோமின். கறுப்புச் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் இருக்கும். 105 கிராமில் 525. ஏழு கிலோ உடம்புக்குப் பிரித்தால் கிலோவுக்கு 75 மில்லிகிராம். 20-இல் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். 40, 50-இல் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-க்கு மேல் வலிப்பு வரலாம். நீங்கள் கடைசி வரம்பையும் தாண்டி நிற்கிறீர்கள்.

ஆனாலும் நேரம் இருக்கிறது. சாக்லேட் இரைப்பையில் உருகிக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் குடலுக்கு இறங்காது. ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். பெட்டியையும் மீதியையும் கையோடு கொண்டுபோங்கள். நடக்க விடாமல் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியிலேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

முத்துவின் அம்மா | சனி, இரவு 10.06

வழக்கமாகப் போகும் கிளினிக்கில் யாரும் எடுக்கவில்லை. நாங்கள் துடியலூரில் இருக்கிறோம். இரவில் எங்கே போவது?

பீளமேடு நாய்ப்பிரியர் | சனி, இரவு 10.08

அக்கா, தனிச்செய்தியில் இரண்டு எண்கள் அனுப்பியிருக்கிறேன். முதல் இடத்தில் இரவுப் பணி மருத்துவர் இருக்கிறார், இப்போதுதான் பேசினேன். 7 கிலோ பொமரேனியன், கறுப்புச் சாக்லேட் 105 கிராம் என்று சொல்லிவிட்டேன். ஊசியைத் தயாராக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நீங்கள் நேராகப் போங்கள்.

முத்துவின் அம்மா | சனி, இரவு 10.09

கிளம்பிவிட்டோம். உங்களை மறக்க மாட்டேன் தம்பி.

காரைக்குடி ராஜா வீடு | சனி, இரவு 10.34

அந்தச் சகோதரியின் நாய் நலமடைய வேண்டும் என்பதே என் வேண்டுதலும். ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். எங்கள் லாப்ரடார் ராஜாவுக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன சாக்லேட் கொடுக்கிறேன். நானும் ஒன்று தின்பேன், அவனும் ஒன்று தின்பான். இன்று வரை ஒரு தும்மல்கூட வந்ததில்லை. வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு நாம் தேவைக்கு மேல் பயப்படுகிறோமோ என்று தோன்றுகிறது. அந்தக் காலத்தில் நாய்கள் நாம் தின்றதையெல்லாம் தின்றுதானே வளர்ந்தன?

வேதியியல் வாத்தியார் | சனி, இரவு 10.51

காரைக்குடி நண்பருக்கு, உங்கள் அனுபவம் பொய்யில்லை. ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்திருக்கும் முடிவு தவறு.

ராஜாவின் எடை 34 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கொடுப்பது 10 கிராம் பால் சாக்லேட். ஒரு கிராமில் ஏறத்தாழ 2 மில்லிகிராம், ஆக மொத்தம் 20. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்கூட வரவில்லை. ராஜா தாங்கியது அளவு மிகக் குறைவு என்பதால்தான், சாக்லேட் தீங்கற்றது என்பதால் அல்ல. அதே வீட்டில் ஒரு நாள் கேக் செய்யும் கோகோ பொடி டப்பா கவிழ்ந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அந்தப் பொடியில் ஒரு கிராமுக்கு 26 மில்லிகிராம் வரை உண்டு. பால் சாக்லேட்டைப் போல் பதின்மூன்று மடங்கு! வெள்ளைச் சாக்லேட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, அதில் கொழுப்பும் சர்க்கரையும்தான் தொல்லை. எல்லாவற்றையும் 'சாக்லேட்' என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் இந்தக் குழப்பம்.

நமக்கு ஒன்றும் செய்யாத பொருள் நாயை ஏன் வாட்டுகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். தியோபுரோமின் காஃபினுக்குத் தங்கை மாதிரி. அமைப்பில் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான் குறைவு. 1841-இல் ரஷ்ய வேதியியலாளர் வொஸ்கிரெசென்ஸ்கி கோகோ விதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பெயரைப் பார்த்து புரோமின் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் புரோமின் அணு ஒன்றுகூட இல்லை. கோகோ மரத்தின் தாவரவியல் பெயரான தியோபுரோமாவிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'தெய்வங்களின் உணவு' என்று பொருள்.

நம் கல்லீரல் இதை நாயைவிட வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடலில் பாதி அளவு குறையவே ஏறத்தாழ பதினேழரை மணி நேரம் ஆகும். இன்று இரவு எட்டு மணிக்குத் தின்றது நாளை மதியம் ஒன்றரைக்கும் பாதி மிச்சம் இருக்கும். திங்கள் காலை ஏழு மணிக்குக் கால் பங்கு. அத்தனை நேரமும் இதயத்தை ஓய்வில்லாமல் விரட்டிக்கொண்டே இருக்கும். களைத்தால் ஓய்வெடு என்று உடலுக்குச் சொல்கிற அடினோசின் என்ற பொருளின் இடத்தில் போய் இது உட்கார்ந்துகொள்கிறது. ஓய்வெடு என்ற செய்தியே போய்ச் சேராது.

அந்தக் காலத்து நாய்கள் தின்றது பழைய சோறும் கருவாட்டுத் தலையும். கால் கிலோ கறுப்புச் சாக்லேட்டை யாரும் அன்று டீப்பாயில் வைத்துவிட்டுப் போகவில்லை.

ஆனைமலைத் தோப்பு | சனி, இரவு 11.15

தூக்கம் வரவில்லை, அந்த நாய்க்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தேன். வந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது தென்னந்தோப்பு, ஊடுபயிராகக் கோகோ. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு இருக்கும் விதைகளைப் பெட்டியில் கொட்டி, வாழையிலை மூடி ஆறு நாள் புளிக்க வைப்போம். இடையிடையே கிளறிவிட வேண்டும். அந்த நாட்களில் களத்துப் பக்கம் போனாலே பழமும் கள்ளும் கலந்த மாதிரி ஒரு வாசனை தூக்கும். பிறகு வெயிலில் ஒரு வாரம் காயவைப்போம். எங்கள் காவல் நாய் கருப்பன், கோம்பை இரத்தம், 20 கிலோ இருப்பான். காயப்போட்ட விதையை இரவில் நொறுக்கித் தின்றிருக்கிறான். அது விஷம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கோகோ போடச் சொல்லிக் கொடுத்தவர்கள் நிழல் சொன்னார்கள், உரம் சொன்னார்கள், அணில் தொல்லை சொன்னார்கள். நாயைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

காலையில் பார்த்தபோது நான்கு காலும் விறைத்துக்கொண்டு நடுங்கினான். பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து உடம்பு முழுக்கக் கடிவாய் தேடினோம். அப்படித் தேடியே ஒரு மணி நேரம் போய்விட்டது. வண்டியில் ஏற்றும்போது அவன் உடம்பு தொட முடியாத சூடு. பொள்ளாச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மருத்துவர் வாயைத் திறந்து காட்டினார், பல்லிடுக்கில் பழுப்புத் தோல் ஒட்டியிருந்தது.

காய்ந்த கோகோ விதையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேலேயே தியோபுரோமின். 20 கிலோ நாய்க்கு இரண்டு கைப்பிடி போதும். இப்போது இடுப்பு உயரத்தில் கம்பி வலைப் படுக்கை அடித்து அதன் மேல்தான் காயப்போடுகிறோம், சுற்றிலும் வலை. காய்த் தோலையும் விதைத் தோலையும் உரக்குழியில் போட்டு மண் மூடுகிறோம். ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கும் தோப்புக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கே உங்கள் களத்தைப் போய்ப் பாருங்கள்.

பூங்கா நடை | சனி, இரவு 11.32

ஐயா, படிக்கவே நெஞ்சு அடைக்கிறது. எனக்கு ஒரு கேள்வி. காலையில் நடக்கப் போகும்போது தெருநாய்களுக்குச் சாக்லேட் கிரீம் பிஸ்கட் போடுகிறேன். நான் மட்டுமில்லை, பலரும் போடுகிறார்கள். அது தவறா?

நாமக்கல் கால்நடை மருத்துவர் | சனி, இரவு 11.40

ஒரு பிஸ்கட்டில் இருக்கும் கோகோ மிகக் குறைவு, அதனால் நாய் சாகாது. ஆனால் ஒரே நாய் பத்துப் பேரிடம் வாங்கித் தின்கிறது. பால் கொடுக்கும் தாய் நாயாக இருந்தால் அந்தப் பொருள் பால் வழியாகக் குட்டிக்கும் போகும். கோகோ இல்லாத சாதாரண பிஸ்கட்டை எடுத்துப்போங்கள். அதைவிட, வெங்காயம் சேராத சோறும் அவித்த முட்டையும் எவ்வளவோ மேல்.

வெங்காயம், பூண்டு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாம்பார் சாதம் மிஞ்சினால் நாய்க்கு என்பது நம் வீடுகளில் பழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தொடர்ந்து தின்னும் நாய்கள் இரத்தசோகையோடு வருகின்றன.

புளியை ஏன் தடுத்தேன் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது பல ஆண்டுகளாகத் தெரியும், காரணம்தான் பிடிபடாமல் இருந்தது. அதில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். புளியும் அதே அமிலம் நிறைந்தது. புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2022-இல் வந்தது. நம் வீட்டுப் புளிப் பானையை முதலில் உயரத்தில் வையுங்கள்.

ஈஸ்ட்ஹாம் தமிழன் | சனி, இரவு 11.58

லண்டனிலிருந்து. இங்கே கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் கால்நடை மருத்துவமனைகளுக்கு இதே வேலைதான். லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் நாட்களில் நாய்கள் சாக்லேட் தின்று மருத்துவமனைக்கு வருவது சாதாரண நாட்களைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று கண்டார்கள். ஈஸ்டரின்போது ஏறத்தாழ இரு மடங்கு. அந்த ஆய்வில் வந்த நாய்களில் ஒன்றுகூட உயிருக்குப் போராடும் நிலையில் இல்லை. பெரும்பாலானவை கொஞ்சமாகத் தின்றவை, உடனே கொண்டுவரப்பட்டவை. காரைக்குடி அண்ணா கேட்டதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. நம் ஊரில் இதே நிலை தீபாவளிக்கு வரும். பரிசுப் பெட்டிகள் வாரக்கணக்கில் மேசை மேல் கிடக்கும்.

இன்னொன்று, சர்க்கரை இல்லாத சூயிங்கம். அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம். நாய்க்கு அது சாக்லேட்டைவிடக் கொடியது. அரை மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரையைத் தரைக்கு இறக்கிவிடும். கைப்பையைக் கீழே வைப்பவர்கள் கவனியுங்கள்.

முத்துவின் அம்மா | ஞாயிறு, அதிகாலை 2.17

மருத்துவமனை வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறான்.

பத்தே முக்காலுக்கு ஊசி போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வாந்தி எடுத்தான். கறுப்புக் குழம்பாக, காகிதத் துண்டுகளோடு. சாக்லேட் வாசனை அறை முழுக்க அடித்தது. அந்த வாசனையை இனி என்னால் தாங்க முடியுமா என்று தெரியவில்லை. மூன்று முறை எடுத்தான். பிறகு கரித்தூள் மருந்து கொடுத்தார்கள், ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 210 இருந்தது. என் கையை அவன் விலாவில் வைத்திருந்தேன். தனித்தனித் துடிப்பாகத் தெரியவில்லை, உள்ளே ஒரு மோட்டார் ஓடுகிற மாதிரி இருந்தது. பதினொன்றரைக்குப் பின்னங்கால்கள் உதற ஆரம்பித்தன. வலிப்பைத் தடுக்க ஊசி போட்டார்கள். இப்போது உதறல் நின்றிருக்கிறது. துடிப்பு 160.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தூக்கிப்போய்ச் சிறுநீர் கழிக்க வைக்கச் சொல்கிறார்கள். இதற்கு என்ன காரணம்?

நாமக்கல் கால்நடை மருத்துவர் | ஞாயிறு, அதிகாலை 2.25

நல்ல செய்தி சகோதரி. சிறுநீர்ப்பையில் தேங்கினால் அங்கிருந்தே தியோபுரோமின் திரும்ப இரத்தத்துக்குள் உறிஞ்சப்படும். அதனால்தான் சிறுநீரைத் தேங்கவிடக் கூடாது. கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதற்கும் அதே போன்ற காரணம்தான். கல்லீரல் பித்தத்தோடு குடலில் கொட்டுவதைக் குடல் மறுபடி வாங்கிக்கொள்ளும், அதற்குள் கரி பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. வெளியேறும் வரை உடலைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். 72 மணி நேரம் வரை அறிகுறிகள் நீடிக்கலாம், பயப்படாதீர்கள். திராட்சையும் தின்றிருப்பதால் மூன்று நாளைக்குச் சிறுநீரகப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கொழுப்பினால் கணையம் வீங்க வாய்ப்பு உண்டு. நாளையும் மறுநாளும் வாந்தியோ வயிற்று வலியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 8.10

ஹைட்ரஜன் பெராக்சைடை வீட்டில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் முறையை விளக்கி ஒருவர் இட்ட பதிவை நீக்கியிருக்கிறேன். இரைப்பை புண்ணாகி இரத்தம் கக்கிய நாய்கள் உண்டு. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து அதிகம். மருத்துவர் நேரடியாகச் சொல்லாமல் யாரும் செய்ய வேண்டாம்.

முத்துவின் அம்மா | செவ்வாய், மாலை 6.40

முத்து நேற்று இரவு வீட்டுக்கு வந்துவிட்டான். இன்று மூன்றாவது முறையாக இரத்தம் எடுத்தார்கள், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. காலையில் இரண்டு கைப்பிடி தயிர் சாதம் தின்றான். ட்ரிப்ஸ் ஊசி குத்த முன்னங்காலில் முடியை வழித்திருக்கிறார்கள். அந்த இளஞ்சிவப்புத் தோலை நக்கிக்கொண்டே இருக்கிறான்.

நாத்தனார் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பெட்டியைக் கொண்டுவந்தது அவராக இருக்கலாம், அதை டீப்பாயில் விட்டுப்போனது நான். அதை அவரிடம் சொன்னேன். சாக்லேட் நாய்க்கு ஆகாது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும், எங்கேயோ படித்திருக்கிறேன். ஆனால் கறுப்புக்கும் பாலுக்கும் இத்தனை வித்தியாசம் உண்டு என்றும், எடை போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றும் தெரியாது. மருத்துவர் ஐயா அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்காவிட்டால், வாலை ஆட்டுகிறானே என்று படுக்கப் போயிருப்பேன்.

ஆனைமலை ஐயா, கருப்பனைப் பற்றி நீங்கள் எழுதியதை வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். என் கணவருக்கும் படித்துக் காட்டினேன்.

ஆனைமலைத் தோப்பு | செவ்வாய், இரவு 7.05

நல்லா இருக்கட்டும் அம்மா. அந்த வழித்த இடத்தில் முடி முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். நக்கிப் புண்ணாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி ராஜா வீடு | செவ்வாய், இரவு 9.45

சகோதரி, படித்ததும் நிம்மதியாக இருந்தது. சனிக்கிழமை இரவு அந்த நேரத்தில் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னியுங்கள். வாத்தியார் போட்ட கணக்கை நான் மறுக்கவில்லை. ராஜாவுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை, உண்மை. ஆனால் சாக்லேட் வாசனை என்றால் தனக்குத்தான் என்று ஒன்பது ஆண்டுகளாக அவனுக்குப் பழக்கிவிட்டேன். பேத்தியின் பிறந்தநாள் கேக் சமையல் மேடையில் இருக்கும்போது நான் வீட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமையே நிறுத்திவிட்டேன்.

கேரட் கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொண்டுபோய் வாசல்படியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வேறு என்ன கொடுக்கலாம்?

நாமக்கல் கால்நடை மருத்துவர் | செவ்வாய், இரவு 9.58

அவித்த முட்டையின் ஒரு துண்டு. அல்லது உப்புப் போடாமல் வேகவைத்த கோழி, எலும்பு இல்லாமல். அதே நேரத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் கையால் கொடுங்கள்.

காரைக்குடி ராஜா வீடு | புதன், இரவு 9.20

முட்டையைத் தின்றுவிட்டான்.